பட்டாணி உப்புக்கொத்தியும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும்

இந்தியாவின் ஆற்று மணல்திட்டுகளிலும் ஏரிக்கரைகளிலும் உப்பளங்களிலும் ஓடித் திரியும் சிறு கரைப்பறவைகளுள் உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்தவை பல. அவற்றுள் நாடெங்கும் பரவலாகக் காணப்படுபவையும், ஒன்றோடொன்று எளிதில் மயங்கக்கூடியவையும் இரண்டு. ஒன்று பட்டாணி உப்புக்கொத்தி. மற்றொன்று கெண்டிஷ் உப்புக்கொத்தி. இரண்டும் ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரியவை, காடையைவிடச் சிறியவை. இரண்டின் முதுகும் மணல் நிறம், வயிறு வெண்மை. கானல் அலையும் வெளியில் நூறு அடிக்கு அப்பால் நின்றால், பழகிய கண்ணும் தயங்கும்.

இக்காரணத்தால் களக் குறிப்பேடுகளில் இவ்விரண்டும் 'சிறு உப்புக்கொத்தி' என ஒரே தலைப்பின்கீழ் எழுதப்பட்டுவிடுவது உண்டு. இது சிறு பிழையாகத் தோன்றலாம், உண்மையில் சிறியதன்று. கூட்டி எழுதப்பட்ட எண்ணிக்கையைப் பின்னர் எவராலும் பிரித்தெடுக்க இயலாது. பட்டாணி உப்புக்கொத்தி பெரும்பாலும் நன்னீர்க் கரைகளை நாடுவது. கெண்டிஷ் உப்புக்கொத்தி கடற்கரையையும் உவர்நிலத்தையும் நாடுவது. ஓர் ஆற்றில் மணல் அள்ளப்பட்டு முன்னது குறைந்துவர, அண்டையிலுள்ள உப்பளம் விரிந்து பின்னது பெருகிவருமாயின், இரண்டையும் சேர்த்தெழுதிய தொகை ஆண்டுதோறும் மாறாமலே நிற்கும். ஏட்டில் குறைவொன்றும் தெரியாது. ஆற்றில் மட்டும் பறவை இராது. ஒவ்வொரு ஆண்டும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ஆம் ஆண்டில் தொடங்கியது. அத்தகைய நெடுங்காலப் பதிவுகளின் மதிப்பு, கரையில் நிற்கும் அலுவலர் எழுதும் முதற் குறிப்பின் தெளிவையே பொறுத்துள்ளது.

பொதுவான இயல்புகள்

வேற்றுமைகளைக் காணுமுன் ஒற்றுமைகளை அறிவது நலம். உப்புக்கொத்திகளை உள்ளான்களிடமிருந்து பிரித்தறிய அலகையும் நடையையும் கவனித்தல் போதும். உள்ளானின் அலகு நீண்டது. அதன் நுனி தொடுவுணர்ச்சி மிக்கது. அது சேற்றினுள் அலகைச் செலுத்தித் துழாவி இரை தேடும். உப்புக்கொத்தியின் அலகோ குட்டையானது. அது தொட்டறிவதில்லை, கண்டறிகின்றது. அதன் தலை உருண்டையாகவும் கண்கள் பெரியனவாகவும் அமைந்திருப்பதன் காரணம் இதுவே. சில அடிகள் விரைந்தோடும்; திடீரென நிற்கும்; உற்றுநோக்கும்; சட்டெனக் குனிந்து ஒரு பூச்சியையோ புழுவையோ கொத்தும்; மீண்டும் ஓடும். ஓடுதல், நிற்றல், கொத்துதல் என்னும் இம்முறை உப்புக்கொத்திக் குடும்பத்தின் கையொப்பம் எனலாம். நிலவொளியிலும் இவை இவ்வாறே இரைதேடுகின்றன. சில வேளைகளில் ஒரு காலை முன்னீட்டி ஈர மண்ணின்மேல் நடுங்கவிட்டு, அசைவினால் வெளிப்படும் சிற்றுயிர்களைப் பிடிப்பதும் உண்டு. இரண்டுக்கும் பின்விரல் இல்லை, கால்விரல்கள் மூன்றே.

பள்ளி மாணவர்க்குத் தொலைநோக்கி கிடைப்பது அரிது. ஆயினும், ஒரு பறவை ஓடி நிற்கும் வரை எத்தனை அடி வைக்கின்றது, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கொத்துகின்றது என எண்ணுவதற்குத் தொலைநோக்கி வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

அடையாளக் குறிகள்

நூல்களில் முதலிற் கூறப்படும் குறி மார்புப் பட்டையாகும். பட்டாணி உப்புக்கொத்திக்குக் கழுத்தின்கீழ் மார்பைச் சுற்றி முழுமையான கரிய வளையம் உண்டு. அதற்குமேல் வெண்ணிறக் கழுத்துப்பட்டி, நெற்றியில் வெண்மை, அதன்மேல் கரும்பட்டை, அக்கரும்பட்டைக்குப் பின்னால் மெல்லிய வெண்கோடு, கண்ணைச் சூழ்ந்து கரிய முகமூடி. கெண்டிஷ் உப்புக்கொத்திக்கு வளையம் முழுமை பெறுவதில்லை. மார்பின் இருபுறமும் இரு கருந்திட்டுகள் மட்டும் உள்ளன, நடுவில் வெண்மை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையுச்சியும் பிடரியும் செங்காவி நிறம் பெறும். பெண்ணுக்கு அந்நிறம் இல்லை. அதன் திட்டுகள் கருமைக்கு மாறாகப் பழுப்பாயிருக்கும்.

இவ்வளவும் தெளிவானதே. எனினும் மார்புப் பட்டையை மட்டும் நம்புவோர் குளிர்காலத்தில் ஏமாறுவர். பட்டாணி உப்புக்கொத்தியின் கருவளையம் அப்பருவத்தில் பழுப்பாக மங்கும். அதன் இளம் பறவைகளிலோ வளையம் நடுவில் மெலிந்து, பல வேளைகளில் அறுபட்டே காணப்படும். அத்தகைய பறவையைக் கண்டவர், வளையம் முழுமையற்றது என்னும் ஒரே காரணத்தால், அதனைக் கெண்டிஷ் என எழுதிவிடுதல் இயல்பு. கணக்கெடுப்பு நடைபெறுவதும் குளிர்காலத்திலேயே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கால்களின் நிறம் இதைவிட உறுதியான குறி. பட்டாணி உப்புக்கொத்தியின் கால்கள் மங்கிய மஞ்சளாகவோ இளஞ்சிவப்புச் சாயலுடனோ இருக்கும். கெண்டிஷ் உப்புக்கொத்தியின் கால்கள் கருமையாகவோ கருஞ்சாம்பலாகவோ இருக்கும். ஆனால் சேறு எல்லாக் கால்களையும் ஒரே நிறமாக்கிவிடும். உப்பளப் பாத்தியிலிருந்து ஏறிவரும் பறவையின் கால் நிறத்தை அது நீரில் நடந்து கழுவப்படும் வரை எழுதாமலிருப்பதே முறை. கண் வளையமும் உதவும். பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றிப் பொன்மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய தசை வளையம் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் அது மிகத் துலக்கமாகத் தெரியும். கெண்டிஷுக்கு அது இல்லை.

எனினும் எப்பருவத்திலும், எவ்வயதிலும் தவறாத குறி ஒன்று உண்டு. அது பறக்கும்போது தெரிவது. கெண்டிஷ் உப்புக்கொத்தி சிறகை விரித்ததும் அதன் நெடுக ஒரு வெண்கோடு பளிச்செனத் தோன்றும். வாலின் இருபுறமும் வெண்மை காணும். பட்டாணி உப்புக்கொத்தியின் சிறகிலோ அவ்வாறு கண்ணிற் படும் கோடு கிடையாது. சிறகு முழுவதும் ஒரே பழுப்பு நிறமாகத் தோன்றும். ஆகையால் ஐயத்துக்குரிய பறவை தானே பறக்கும் வரை காத்திருத்தல் பயன்தரும். அதனை வேண்டுமென்றே விரட்டிப் பறக்கச் செய்தல் தகாது. நெடுந்தொலைவு பறந்துவந்த பறவை இரைதேடி உடலைத் தேற்றிக்கொள்ளும் நேரத்தை அது கெடுக்கும்.

குரலும் வேறு. பட்டாணி உப்புக்கொத்தி 'பீ-யூ' எனத் தெளிவாக, இறுதியில் தாழ்ந்துவரும் சீழ்க்கை ஒலி எழுப்பும். கெண்டிஷின் குரல் மென்மையானது. 'பிட், பிட்' எனச் சுருக்கமாக ஒலித்து, கலவரமுற்றால் 'ப்ர்ர்ர்' என உருளும். அதிகாலையில் மூடுபனி கிடக்கும் ஏரியில் கண்ணைவிடக் காதே நம்பத்தக்கது என்பதைப் பழகியவர் அறிவர்.

இவ்விரண்டோடு வேறு சிலவும் கலந்து நிற்கக்கூடும். கடற்கரைச் சேற்றில் பெருந்திரளாக வரும் மணல் உப்புக்கொத்திகளுக்குப் பிடரியில் வெண்பட்டி இல்லை, அலகும் தடித்தது. கெண்டிஷுக்கு வெண்பட்டி உண்டு. ஆரஞ்சு நிறக் கால்களும், முழு மார்பு வளையமும், அத்துடன் சிறகில் வெண்கோடும் ஒருங்கே கொண்ட பறவை காணப்படுமாயின் அது இவ்விரண்டும் அன்று. இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் அரிதாக வரும் பெரிய வளைய உப்புக்கொத்தியாகும்.

வாழிடமும் வருகையும்

கங்கை, யமுனை, சம்பல், மகாநதி, கோதாவரி, காவிரி போன்ற ஆறுகளில் வெள்ளம் வடிந்தபின் தலைகாட்டும் மணல்திட்டும் கூழாங்கற் பரப்பும் பட்டாணி உப்புக்கொத்தியின் இருப்பிடம். நீர் வற்றிய ஏரி விளிம்பு, அறுவடை முடிந்த ஈரவயல் ஆகியவற்றிலும் அதனைக் காணலாம். அங்கு வண்டு, ஈப்புழு, சிலந்தி முதலியன அதன் உணவு. கெண்டிஷ் உப்புக்கொத்தியைக் கட்ச் வளைகுடாவின் உப்பளங்களிலும், சிலிகா ஏரியைப் போன்ற உவர்நீர்ப் பரப்புகளிலும், கோடியக்கரையிலும் காணலாம். கடலிலிருந்து வெகுதூரத்திலுள்ள இராசத்தானத்துச் சாம்பர் உப்பேரியிலும் அது வாழ்வதை நோக்கின், அது நாடுவது கடலையன்று, உப்பை என்பது புலனாகும். உப்புநீரில் பெருகும் ஈக்களும் சிறு ஓட்டுயிர்களும் புழுக்களும் அதற்கு இரையாகின்றன.

இப்பாகுபாட்டை இரும்பு வேலியாகக் கொள்ளலாகாது. குளிர்காலத்தில் கெண்டிஷ் பெரிய ஆறுகளின் மணலிலும் இறங்கும்; பட்டாணி உப்புக்கொத்தி உப்பளத்து நன்னீர் வாய்க்காலருகே நிற்கும். இடத்தைக் கொண்டு பறவையை முடிவு செய்வது, பறவையைப் பாராமலே எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டு இனங்களிலும் இங்கேயே தங்கி வாழ்பவையும் உண்டு, வடக்கிலிருந்து வலசை வருபவையும் உண்டு. பட்டாணி உப்புக்கொத்தியின் உள்நாட்டு வகை ஜெர்டோனி எனப்படும். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை விரிவான நூல் வெளியிட்ட மருத்துவர் தாமஸ் ஜெர்டனின் நினைவாக, இலங்கைப் பறவைகளை ஆராய்ந்த வில்லியம் வின்சென்ட் லெக் 1880-ல் இப்பெயரைச் சூட்டினார். அது வலசை வரும் வகையைவிடச் சிறியது. அதன் கண்வளையம் அகன்றது. அலகின் அடியில் மஞ்சள் மிகுதி. குளிர்காலத்தில் இரு வகைகளும் ஒரே கரையில் கலந்து நிற்கும். வேனிலில் கூடு கட்டித் தங்கியிருப்பது எது என நோக்கினாலன்றி, ஓர் ஏரியின் நிலையான குடிகள் எத்தனை என்பது தெரியவாராது.

கூடும் குடும்பமும்

கூடு என்னும் சொல் இங்கு மிகையே. மணலிலோ காய்ந்த சேற்றிலோ மார்பை அழுத்திச் சுழன்று உண்டாக்கிய ஆழமற்ற குழியே இரண்டுக்கும் கூடு. சில கூழாங்கற்கள், சிப்பித் துணுக்குகள், காய்ந்த சேற்றுச் சில்லுகள் அதனுள் கிடக்கும். பட்டாணி உப்புக்கொத்தி பொதுவாக 4 முட்டைகளும், கெண்டிஷ் பெரும்பாலும் 3 முட்டைகளும் இடும். கல் நிறத்தில் கரும்பழுப்புப் புள்ளிகளும் கிறுக்கல்களும் படிந்த அம்முட்டைகளை, இருக்குமிடம் அறிந்தவரும் இமை கொட்டித் திரும்பினால் மீண்டும் தேடவேண்டும். கெண்டிஷ் தன் முட்டைகளை மணலில் பாதி புதைத்து வைப்பதும் உண்டு. அடைகாக்கும் காலம் இரண்டிலும் மூன்றரை வாரம் அளவானது.

முழுவளையம் கொண்ட பறவை கூழாங்கல் நிலத்தில் அசையாது அமர்ந்திருக்கையில், அக்கருவளையம் அதன் உருவத்தை இரண்டாக அறுத்துவிடுகின்றது. காண்பவர் கண்ணுக்கு ஒரு பறவை தெரிவதில்லை; தொடர்பற்ற இரு கற்கள் தெரிகின்றன. இதனை வகுப்பில் விளக்குவது எளிது. களிமண்ணில் இரு பறவை உருவங்கள் செய்து, ஒன்றுக்குக் கருவளையம் தீட்டி, மற்றதை வெறும் மண்ணிறமாக விட்டு, சரளைக்கல் பரப்பிய முற்றத்தில் வைத்து, இருபது அடி தொலைவிலிருந்து எதனை மாணவர் முதலிற் காண்கின்றனர் எனப் பார்க்கலாம். அதே உருவங்களை வெறும் மணலில் வைத்தால் விடை மாறக்கூடும். மாறினால் ஏன் என்னும் கேள்வி தானே எழும்.

வெளித்தோற்றத்தில் இத்துணை ஒத்த இப்பறவைகள் இல்லறத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. பட்டாணி உப்புக்கொத்தியின் ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாத்து, குஞ்சுகளையும் பெரும்பாலும் இருவருமாகவே காக்கின்றன. கெண்டிஷில் பகலில் பெரும்பாலும் பெண்ணும் இரவில் ஆணும் அடைகாக்கும். குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள் பெற்றோருள் ஒன்று, மிகுதியும் தாய், குடும்பத்தைத் துறந்து சென்று வேறோர் இணையுடன் புதுக்கூடு தொடங்குவது உண்டு. எஞ்சிய குஞ்சுகளைத் தந்தையே தனித்துக் காக்கும். துருக்கியின் தென்கரையிலுள்ள தூஸ்லா ஏரிப் பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகளில், தனித்துவிடப்பட்ட பெண்ணுக்குப் புது இணை விரைவிற் கிடைப்பதும், ஆணுக்கு அது நெடுநாள் ஆவதும் தெரியவந்தன. குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்தோடித் தாமே இரை பொறுக்குவதால், காவலுக்கு ஒருவர் போதும் என்னும் நிலை அங்கு ஏற்படுகின்றது. ஆகவே கெண்டிஷ் குஞ்சுகளுடன் ஒற்றைப் பறவையைக் கண்டதும் 'இணை இறந்தது' எனக் குறிப்பெழுதுதல் பொருந்தாது.

வெயிலே பெரும்பகை

பறவைகள் அடைகாப்பது முட்டையைச் சூடாக்குவதற்கு என்பது பாடநூற் கருத்து. இந்தியாவின் ஆற்று மணலிலும் உப்பளத்திலும் வேனிற்கால நண்பகலில் நிலைமை நேர்மாறானது. மணலின் மேற்பரப்பு வெறுங்கால் வைக்க இயலாதவாறு கொதிக்கும். முட்டைக்குள்ளிருக்கும் கரு சுமார் 40 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை நெடுநேரம் தாங்குவதில்லை. அந்நேரத்தில் தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வதில்லை. கால்களை ஊன்றி நின்று, சிறகைச் சற்றே தளர்த்தி, தன் உடலின் நிழலை முட்டைகளின்மேல் விழச் செய்கின்றது. அலகைத் திறந்து மூச்சிரைக்க, அது குடை பிடிப்பதுபோல நிற்கும். சில வேளைகளில் நீரோரம் ஓடி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு திரும்பிவந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கும். ஆண், பெண் இரண்டும் மாறிமாறி இதனைச் செய்யவேண்டியிருப்பதால், அடைகாக்கும் காலத்தில் இணையைப் பிரிவது எளிதன்று.

கள அலுவலர்க்கு இதில் நேரடிப் பொருள் உண்டு. நாய் வந்தால் பறவை கூட்டை விட்டு ஓடி, சிறகு முறிந்ததுபோல நிலத்தில் புரண்டு, பகையைத் தொலைவுக்கு இழுத்துச் செல்லும். மனிதர் வந்தாலும் அவ்வாறே. அந்நாடகத்தைக் கண்டு வியந்து நண்பகலில் அரைமணி நேரம் அங்கேயே நின்று படமெடுப்பவர், தாம் ஒன்றையும் தொடவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க, முட்டைகள் வெந்துபோகின்றன. பெற்றோர் திரும்பிவந்து பல நாட்கள் அடைகாத்தாலும் பயன் இராது. கூட்டருகே செல்வதாயின் காலை வேளையில் மட்டும் செல்லவேண்டும். ஓரிரு நிமிடங்களில் விலகவேண்டும்.

வெயிலுக்கு அடுத்தது நீர். மேலணையிலிருந்து முன்னறிவிப்பின்றி நீர் திறந்துவிடப்பட்டால் மணல்திட்டுக் கூடுகள் ஒரே இரவில் அழியும். மணல் லாரியின் ஒரே தடத்தில் ஒரு குடும்பம் முடிந்துவிடும். உப்பளங்களில் பாத்தியின் கரையை உயர்த்தும் பணி கூடு வைக்கும் காலத்தோடு ஒத்து நிகழ்வதும் உண்டு. அங்கு வேலை செய்வோர்க்குப் பறவை கூடுவைத்த கரை எதுவென முன்கூட்டித் தெரிவித்தால், அக்கரையைச் சில வாரம் கழித்துச் செப்பனிட அவர்களுள் பலர் இசைவர்.

பெயர்களின் கதை

பட்டாணி உப்புக்கொத்திக்கு இத்தாலிய இயற்கையியலார் ஸ்கோபோலி 1786-ல் இட்ட சிற்றினப் பெயர் 'டூபியஸ்'. இலத்தீனில் 'ஐயத்துக்குரியது' என்பது அதன் பொருள். பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து வந்த இப்பறவை தனியினமா, பெரிய வளைய உப்புக்கொத்தியின் திரிபா என்னும் ஐயம் அப்பெயரிலேயே தங்கிவிட்டது. கெண்டிஷின் 'அலெக்சாண்டிரினஸ்' என்னும் பெயரை லின்னேயஸ் 1758-ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவை வைத்து இட்டார். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் கிடைத்த மாதிரிகளால் ஆங்கிலப் பெயர் பிறந்தது. இன்று அம்மாவட்டத்தில் அது முறையாகக் கூடு வைப்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துள்ளது. இரண்டும் நெடுங்காலம் 'கராட்ரியஸ்' என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் இவை அத்துணை நெருங்கிய உறவின அல்ல எனக் காட்டியதால், புதிய பட்டியல்களில் கெண்டிஷ் 'அனாரிங்கஸ்' என்னும் பேரினத்துக்கும், பட்டாணி உப்புக்கொத்தி 'தைனோர்னிஸ்' என்னும் பேரினத்துக்கும் மாற்றப்பட்டுள்ளன. அனாரிங்கஸ் என்பது அலகு வலப்புறமாக வளைந்த நியூசிலாந்துப் பறவை ஒன்றுக்கு முதலில் வழங்கிய பெயர். நேரலகு கொண்ட கெண்டிஷ் அதன் குடும்பத்திற் சேர்ந்தது வியப்பேயாயினும், புறத்தோற்றம் உறவுக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கெண்டிஷ் என்னும் ஒரு பெயரின்கீழும் பல பறவைகள் மறைந்திருந்தன. அமெரிக்கக் கண்டத்துப் பறவைகள் 2011-ல் தனியினமாகப் பிரிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும் சிறுவகையை ஹார்ட்டெர்ட், ஜாக்சன் என்னும் இருவர் 1915-ல் 'சீபோமி' எனப் பெயரிட்டு விவரித்திருந்தனர். நூறாண்டுக்கு மேல் அது கெண்டிஷின் ஒரு துணையினமாகவே கருதப்பட்டு வந்தது. இலங்கை அறிஞர்களும் பிறநாட்டு அறிஞர்களும் கூடி நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, அது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்ட தனியினம் எனக் காட்டியது. இராமர் பாலத்தை ஒட்டிய கடற்பகுதியில் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்னும் பெயர் வழங்கப்பட்டது. உருவில் அது சிறியது, சிறகு குறுகியது, ஆணின் தலையுச்சியில் செம்மையும், அலகுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள கருமையும் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ்கள் அதே கரைகளில் கலந்து நிற்பதால், பழைய கணக்குகளிலுள்ள 'கெண்டிஷ்' எண்களில் எத்தனை அனுமன் எனப் பிரிப்பது கடினம். வேனிலில் கூட்டுடன் கண்டதாக நாளும் இடமும் குறித்து எழுதிய பழங்குறிப்புகள் மட்டுமே இன்று பயன்படுகின்றன. வெறும் எண்ணிக்கைகள் அவ்வாறு பயன்படுவதில்லை.

குறிப்பெழுதும் முறை

ஆகையால் குறிப்பில் இனத்தின் பெயருக்கு முன், கண்ட குறிகளை எழுதுதல் வேண்டும்: கால் நிறம், கழுவிய காலா சேறு படிந்த காலா என்பது, சிறகுக் கோடு உண்டா, குரல் கேட்டதா, தலையுச்சியின் நிறம். உறுதிப்படாத பறவைகளைத் தனியே 'இனம் தெளியாதவை' எனக் குறித்துக்கொள்க. இருநூறு பறவைகளில் அறுபதை அவ்வாறு எழுதும் அலுவலர் திறமை குறைந்தவர் அல்லர். இருநூறையும் தயங்காமல் பிரித்தெழுதுபவரின் ஏட்டையே மேலாய்வாளர் இருமுறை பார்ப்பது நலம். கூடு கண்டால் முட்டைகளின் எண்ணிக்கை, நிலத்தின் தன்மை, நீரிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். மீண்டும் கண்டறிவதற்காகக் கூட்டருகே குச்சி நடுவதோ கல் குவிப்பதோ கூடாது. காகம் அத்தகைய அடையாளத்தை மனிதரைவிட விரைவிற் கற்றுக்கொள்ளும். நரியும் நாயும் காலடி மோப்பத்தைத் தொடரும். கூட்டை நோக்கி நேரே சென்று திரும்பாமல், அதன் அருகாகக் கடந்து செல்வதுபோல நடந்து, வேறு வழியில் வெளியேறி, பாத்திக் கரையின் மூலையிலிருந்தோ நிலையான மரத்திலிருந்தோ எத்தனை அடி, எத்திசை என்பதை ஏட்டில் எழுதிக்கொண்டால் போதும்.